சாமி ஏன் கடலுக்குப் போகிறது? கடலூர், புதுச்சேரித் திருவிழாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும், சென்னையில் வளர்ந்து தாத்தா ஊருக்கு விடுமுறையில் வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மாசி மகத்தைப் பற்றியவைதான் அதிகம். அதனால் அதற்குத்தான் இடமும் அதிகம்.

பண்டிகை, திருவிழா இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், ஆனால் வேறுபாடு உண்டு. பண்டிகை வீட்டில் நடப்பது. தீபாவளி, பொங்கல், சரசுவதி பூசைக்கெல்லாம் எண்ணெய் வாங்குவதிலிருந்து இலை போடுவது வரை வீட்டார் பொறுப்பு. திருவிழா ஊருடையது. கொடி ஏறும், காப்புக் கட்டுவார்கள், சாமி வாகனமேறி வீதிக்கு வரும், தேர் ஓடும், தீர்த்தமாடித் திரும்பும்.

கருவறையில் இருக்கும் மூலவர் இடம் விட்டு அசையமாட்டார். வெளியே வருவதற்கென்றே ஐம்பொன்னில் உற்சவரை வார்த்து வைத்திருக்கிறார்கள். படியேற முடியாத பாட்டிக்கும், கடையைப் பூட்ட முடியாதவருக்கும், ஒரு காலத்தில் கோபுர வாசலைத் தாண்ட விடப்படாதவர்களுக்கும் சாமியே நேரில் வந்து முகம் காட்டுவதுதான் திருவிழா. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற சடங்குகளின் பொருள் தானாக விளங்கும்.

வருடா வருடம் தேதி ஏன் மாறுகிறது?

மூன்று கணக்குகள் ஓடுகின்றன. பொங்கல், சித்திரை 1, ஆடி 18 எல்லாம் சூரியன் கணக்கு. தமிழ்த் தேதி மாறாது, ஆங்கிலத் தேதி மட்டும் ஒரு நாள் முன்பின் ஆகும். விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி எல்லாம் திதிக் கணக்கு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி. நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் நீளும். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அதனால்தான் தீபாவளி இரண்டு மூன்று வருடம் முன்னால் நகர்ந்து வந்து, பிறகு குறைந்த நாட்களை ஈடுகட்ட ஒரு சந்திர மாதம் கூடுதலாகச் சேரும் வருடம் திடீரென்று பின்னால் தாவுகிறது.

தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், திருவாதிரை எல்லாம் நட்சத்திரக் கணக்கு. மாசியில் சூரியன் கும்பத்தில் இருக்கும். மகம் சிம்மத்தின் முதல் 13 பாகை 20 கலை. கும்பமும் சிம்மமும் நேரெதிர் ராசிகள். அதனால் மாசியில் சந்திரன் மகத்துக்கு வரும்போது அது முழு நிலவாகவோ அதை ஒட்டியோதான் இருக்கும். சில வருடம் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே மகம் வந்துவிடும். பௌர்ணமியைப் பார்த்து ரயில் டிக்கெட் எடுத்தவர்கள் ஏமாறுவது அப்போதுதான். சந்திரன் ஒரு சுற்று வர 27 நாள் சொச்சம் போதும் என்பதால், மாசித் தொடக்கத்தில் ஒரு மகமும் கடைசியில் ஒரு மகமும் விழ வாய்ப்புண்டு. அந்த வருடம் எதை எடுத்துக்கொள்வது என்பதைக் கோயில்தான் சொல்லும்.

காலண்டரில் ஒரு நாள், கோயில் நோட்டீஸில் வேறு நாள். எது சரி?

போகப்போவது கோயிலுக்கு என்றால் கோயில் நோட்டீஸ்தான் சரி. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் கோள்களின் இன்றைய உண்மை நிலையை வைத்துக் கணிப்பது. திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேரம் வேறுபாடு வரும். அது சூரிய உதயத்தை ஒட்டி விழுந்தால் ஒரு நாளே மாறிவிடும். சனிப்பெயர்ச்சியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி பெயர்ந்தபோது, காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாற்றில் வாக்கியப்படி அது 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவித்தது நினைவிருக்கலாம். நம் பக்கத்துப் பழைய கோயில்கள் பெரும்பாலும் வாக்கியம்தான்.

ஆற்றுத் திருவிழா என்பது என்ன? மற்ற மாவட்டத்துக்காரர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்களே?

உண்மைதான். இது பெண்ணையாற்றுக் கரைக்காரர்களின் சொத்து. தை 5, அதாவது ஜனவரி 18 அல்லது 19. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமச் சாமிகள் அன்று தென்பெண்ணைக் கரைக்கு எழுந்தருளும். புதுச்சேரியில் பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்திலும் அப்படியே. மணலில் பந்தல் போட்டுச் சாமிகளை வரிசையாக நிறுத்துவார்கள். தீர்த்தவாரி, அதாவது சாமியின் நீராட்டு, முடிந்ததும் கூட்டம் கடைகளுக்குப் பாயும். அன்றைக்கு வாங்க வேண்டியவை இரண்டு: சிறுவள்ளிக்கிழங்கு, சுருள் அப்பளம்.

சிறுவள்ளிக்கிழங்கு வாங்கும்போது விரல் தடிமனில், மண் ஒட்டியிருப்பதையே எடுங்கள். கழுவி வைத்தது இரண்டு நாளில் வழவழத்துப் போகும். தோலோடு, கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே தோலை உரியுங்கள். ஆறினால் தோல் பிடித்துக்கொள்ளும்.

மாசி மகத்தன்று சாமி ஏன் கடலுக்குப் போகிறது?

பத்து நாள் உற்சவத்தின் கடைசியில் சாமி நீராடுவது எல்லாப் பெரிய கோயிலிலும் உண்டு. கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் குளத்திலோ ஆற்றிலோ நடத்திக்கொள்வார்கள். கடல் எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மாசியில் கடல்தான் தீர்த்தம். இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகம் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் என்று மாத விழாக்களை அடுக்கும்போது மாசிக்குச் சொல்வது கடலாட்டைத்தான்.

கதைகள் பல. கட்டுண்டு கடலுக்குள் கிடந்த வருணனைச் சிவன் மாசி மகத்தன்று விடுவித்தார் என்பது ஒன்று. சாபத்தால் மீனவர் குலத்தில் பிறந்த அம்மையைச் சிவன் வலைவீசி மீன் பிடித்து மணந்தார் என்பது இன்னொன்று. திருவண்ணாமலையில் பிள்ளையில்லாத வல்லாள மகாராசனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று, பள்ளிகொண்டாப்பட்டில் மாசி மகத்தன்று திதி கொடுக்கிறார். மகத்தன்று முன்னோர் கடன் செய்யும் வழக்கத்துக்கு அந்தக் கதை பொருத்தமாக இருக்கிறது.

கதைகளைவிடக் கரையில் நடப்பது பேசும். பட்டினவர் என்னும் மீனவர்களின் குப்பங்களில் அன்று சாமி விருந்தாளி. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் கடலாட வரும்போது மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்றே வரவேற்கிறார்கள். தாயார் அவர்கள் வீட்டுப் பெண் என்பது கணக்கு. வருடம் முழுக்கக் கடலுக்குள் போய்த் திரும்புகிறவர்களிடம் ஒரு நாள் சாமி வந்து அதே தண்ணீரில் இறங்குகிறது. கோயில் தூரத்தில் இருக்கும் குப்பத்துக்கு இதைவிடப் பெரிய திருவிழா வேறென்ன?

எந்தச் சாமி எந்தக் கரைக்கு வரும்?

புதுச்சேரியில் வைத்திக்குப்பம் கடற்கரை. மணக்குள விநாயகர், மயிலம் முருகர், தீவனூர் பொய்யாமொழி விநாயகர் என்று உள்ளூரிலிருந்தும் திண்டிவனம் பக்கத்திலிருந்தும் சாமிகள் வரும். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரரும் திருவந்திபுரம் தேவநாத சுவாமியும் சுற்றுக் கிராமத்து அம்மன்களும் அங்கே கூடுவார்கள். தெற்கே சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி போவார். எல்லாச் சாமியையும் ஒரே வரிசையில் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறியபின் போனால் தலைகள்தான் தெரியும்.

மாசி மகமும் கும்பகோணம் மகாமகமும் ஒன்றா?

நாள் ஒன்று, கிரகம் வேறு. மாசி மகத்தோடு குரு சிம்மத்தில் இருக்கும் வருடம் மகாமகம். சுமார் 12 ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 1992, 2004, 2016. அடுத்தது 2028. அது குளத்தில், இது கடலில்.

தீர்த்தவாரியில் உற்சவரையே கடலில் முக்குவார்களா?

இல்லை. பலர் இதைத் தவறாக நினைத்து, சாமி தண்ணீரில் இறங்கவில்லையே என்று ஏமாந்து திரும்புகிறார்கள். உற்சவர் பந்தலில் இருப்பார். சிவன் கோயில் என்றால் சூலம் தாங்கிய அஸ்திரதேவர், பெருமாள் கோயில் என்றால் சக்கரத்தாழ்வார் அவர் சார்பில் நீராடுவார். முதலில் கரையில் பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள், சந்தனத்தால் திருமஞ்சனம். பிறகு அர்ச்சகர் அஸ்திரதேவரை ஏந்திக்கொண்டு அலைக்குள் போய் மூழ்கி எழுவார். அந்தக் கணத்தில் சுற்றி நிற்பவர்களும் முழுக்குப் போடுவதுதான் தீர்த்தவாரி. முன்னாலோ பின்னாலோ குளித்தால் அது வெறும் கடல் குளியல் என்பார்கள் கறாரான பெரியவர்கள். அவ்வளவு கறார் தேவையில்லை, ஆனால் வரிசை தெரிந்திருப்பது நல்லது.

மற்ற நாட்களில் கடலில் குளிக்கக் கூடாதா?

பழைய விதி அப்படித்தான்: அமாவாசை, பௌர்ணமி, கிரகணம், மகம் போன்ற பருவ நாட்களில் மட்டும் கடல் தீண்டலாம், சேது, அதாவது இராமேசுவரம் பக்கத்துக் கடல், மட்டும் விலக்கு. இன்று அதை விதியாகக் கடைப்பிடிப்பவர் சிலரே.

கடலில் இறங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடலூர் கடற்கரையில் கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரப் பக்கம் இறங்காதீர்கள். ஆற்று நீரும் அலை நீரும் மோதும் இடத்தில் மணல் திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று கழுத்தளவாக இருக்கும். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்தபின் அதற்கு வடக்கே மணல் கரைந்துபோனது. கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி படிந்த கல்லில் வெறுங்காலோடு இறங்கி வழுக்கி விழுவது மகத்தன்று வாடிக்கை. மணல் தெரியும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் ஓதமும் அன்று உயரம். காலையில் மணலில் வைத்த பையும் செருப்பும் பத்து மணிக்குத் தண்ணீரில் மிதக்கும். அலைகள் உடையாமல், நுரை இல்லாமல், நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்து. தண்ணீர் அங்கேதான் கடலுக்குள் திரும்ப இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டபின் கரைக்குத் திரும்புங்கள்.

பட்டுப்புடவையோடு இறங்காதீர்கள். நனைந்த பட்டு காலைச் சுற்றும். தாலிச்சரடில் நைந்த முடிச்சு இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளைக் கையைப் பிடிப்பதைவிட முழங்கைக்கு மேலே பிடித்தால் பிடி நழுவாது. பரிகாரம் என்று உடுத்திய துணியைக் கடலில் விடுவதை எந்தச் சாஸ்திரமும் கேட்கவில்லை. அது மறுநாள் மீனவர் வலையில்தான் சிக்கும்.

மகத்தன்று தர்ப்பணம் கொடுக்கலாமா? எப்படி?

கொடுக்கலாம். தகப்பனார் உயிரோடு இருப்பவர் செய்ய வேண்டியதில்லை. தெற்கு நோக்கி அமர்ந்து, மூன்று புல் தர்ப்பையில் பவித்திரம் முடிந்து வலக்கை மோதிர விரலில் போட்டு, எள்ளும் தண்ணீரும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியும்படி விட வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கும் மூன்று முறை. எள் ஒரு சிட்டிகை போதும். கைநிறைய அள்ளினால் விரலில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் வழியாது, பாதியில் எள் தீர்ந்துபோகும். 50 கிராம் கறுப்பு எள் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஈரத்துணி. தண்ணீருக்குள் நின்று செய்தால் ஈரத்துணி சரி. கரையேறி உட்கார்ந்து செய்தால் உலர்ந்த துணிதான் உடுத்த வேண்டும். ஆகவே மாற்று வேட்டி ஒன்று எடுத்துப் போங்கள். முன்னோர் பெயர்களை மூன்று தலைமுறைக்கு, அப்பா வழியும் அம்மா வழியும், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பாட்டியோட அம்மா பேரு என்ன?’ என்று சாஸ்திரிகள் கேட்கும்போதுதான் பலரும் அண்ணனுக்குப் போன் போடுகிறார்கள், கடற்கரைக் கூட்டத்தில் சிக்னல் இருக்காது.

கிள்ளையில் பெருமாளை முஸ்லிம்கள் வரவேற்பதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளை போகும் வழியில் தைக்கால் என்ற ஊரில் நிற்பார். அங்கே தர்கா இருக்கிறது. முஸ்லிம்கள் பட்டும் மாலையும் பழமும் கொடுத்து வரவேற்பார்கள், கோயில் பிரசாதமும் மாலையும் தர்காவுக்குப் போகும். இதைச் செய்தியாக்கி ஆச்சரியப்படுவது வெளியூர்க்காரர்கள்தான். அந்த ஊருக்கு அது வருடாந்தர மரியாதை, நின்றுபோனால்தான் செய்தி.

அப்பர் கரையேறிய இடம் கடலூரில்தானா?

கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது இந்தக் கரையில் என்பது மரபு. அதனால்தான் ஒரு ஊருக்கே கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். கரையேறியவர் நேரே போய்க் கும்பிட்டது திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரரை. பாதிரி மரம் தலமரமானதால் அந்த ஊருக்கு அப்பெயர். சித்திரையில் கரையேறிய விழா நடக்கிறது.

கொடியேற்றத்துக்கும் காப்புக் கட்டுக்கும் பின்னால் ஊரை விட்டுப் போகக் கூடாதா?

கிராமங்களில் இன்னும் கடைப்பிடிக்கிறார்கள். வெளியூரில் இராத் தங்கக் கூடாது, புதிதாக நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள். இதன் நடைமுறைக் காரணம் எளிது: தேரிழுக்க, பந்தல் போட, சமைக்க ஆள் வேண்டும். காப்பு என்பது மஞ்சள் கயிற்றில் கட்டிய உறுதிமொழி. வேலைக்கு வெளியூர் போக வேண்டியவர்கள் காப்புக் கட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பெரிய கோயிலில் வரிசை இப்படி: பூமியிலிருந்து மண் எடுப்பது, அந்த மண்ணில் நவதானியம் முளையிடுவது, கொடியேற்றம், பத்து நாள் வாகனம், தேர், தீர்த்தவாரி, கொடியிறக்கம். கொடித்துணியில் சிவனுக்கு நந்தி, பெருமாளுக்குக் கருடன், முருகனுக்குச் சேவல், பிள்ளையாருக்கு மூஞ்சூறு. முளைப்பாலிகையில் பயிர் வெளுத்து நெட்டையாக வருவது வெளிச்சம் படாததால். மஞ்சளாக வந்துவிட்டதே, ஊருக்கு ஆகாதோ என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் தேங்கி அழுகினால்தான் வளர்த்தவர் கவனக்குறைவு.

சாமி எங்கள் வாசலுக்கு வருகிறது. என்ன தயாராக வைப்பது?

வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம். தட்டில் குடுமியோடு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, உதிரிப்பூ, ஊதுவத்தி, கற்பூரம், தட்சிணை. தேங்காயை முன்பே உடைத்து வைக்காதீர்கள், அர்ச்சகர்தான் உடைப்பார். மேளச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே தட்டோடு வாசலுக்கு வந்துவிட வேண்டும். சீர்பாதம் தாங்குகிறவர்கள் தோளில் பாரத்தோடு நிற்பார்கள். ‘ஒரு நிமிஷம், அண்ணன் குளிக்கிறான்’ என்று அவர்களை நிற்க வைப்பது பெரிய பாவம்.

தேர் எப்படித் திரும்புகிறது? விபத்து ஏன் நடக்கிறது?

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. வழிகாட்டுவது முட்டுக்கட்டை. சக்கரத்தின் முன்னால் ஒரு பக்கம் ஆப்பு மாதிரியான கட்டையைக் கொடுத்தால் அந்தச் சக்கரம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். ஒரு காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்று சொல்வது இங்கிருந்து வந்ததுதான். கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்கு ஒரு அடி தூரத்தில் குனிந்து நிற்கிறார்கள். அதனால் அவர்கள் குரல் கேட்காமல் வடம் இழுப்பதுதான் முதல் ஆபத்து. கொம்போ விசிலோ ஒலித்த பிறகே இழுங்கள், நிறுத்தச் சொன்னால் உடனே வடத்தைத் தளர விடுங்கள். கீழே கிடக்கும் வடத்தைத் தாண்டி நிற்காதீர்கள். இறுகும்போது காலை வாரிவிடும்.

இரண்டாவது மின்கம்பி. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேரின் மேல்பகுதி உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சீரியல் விளக்கும் தோரணமும் வைத்து உயரத்தைக் கூட்டும்போது, வீதியின் மிகத் தாழ்ந்த கம்பியை அளந்துவிட்டா கூட்டுகிறோம் என்று கேட்க ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய சாலையும் ஜெனரேட்டர் வண்டியும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

வில்லியனூர்த் தேரைக் கவர்னர் இழுப்பது எதற்கு?

பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் தொடர்கிறது. வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரையும், ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரையும் அன்று பிரெஞ்சு கவர்னர் வடம் தொட்டுத் தொடங்கி வைத்தார். இன்று துணைநிலை ஆளுநர். அதே வில்லியனூரில் ஈஸ்டருக்குப் பின் லூர்து மாதா தேரும் ஓடுகிறது.

சிதம்பரத்தில் மட்டும் என்ன தனி?

மூலவர் வெளியே வரமாட்டார் என்று மேலே சொன்னதற்கு விலக்கு சிதம்பரம். ஆனியிலும் மார்கழியிலும் ஒன்பதாம் நாள் நடராசர், அதாவது மூலவரே, சிவகாமியம்மையோடு தேரேறுகிறார். பிள்ளையார், முருகன், சண்டிகேசுவரர் தேர்களும் சேர்ந்து ஐந்து தேர். இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கி, பத்தாம் நாள் விடியலில் மகா அபிஷேகம், பிறகு தரிசனம். நடராசருக்கு வருடத்தில் அபிஷேகமே ஆறு முறைதான்: சித்திரை ஓணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, ஆவணி, புரட்டாசி, மாசி வளர்பிறைச் சதுர்த்தசிகள்.

திருவாதிரைக் களி ஏன் சிலருக்குக் கூழாகிறது?

அரிசியைச் சரியாக வறுக்காததால். ஒரு டம்ளர் பச்சரிசியைப் பொன்னிறமாக, வாசம் வரும்வரை வறுத்து ரவையாக உடையுங்கள். கால் டம்ளர் பாசிப்பருப்பையும் வறுத்துச் சேருங்கள். தண்ணீர் இரண்டரை டம்ளர். ரவை முழுக்க வெந்த பிறகுதான் ஒன்றரை டம்ளர் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி ஊற்ற வேண்டும். வெல்லம் முதலில் விழுந்தால் அரிசி வேகாமல் நறுக்கென்று நிற்கும், எத்தனை நேரம் கிளறினாலும் சரியாகாது. கடைசியில் நெய், தேங்காய்த் துருவல், ஏலக்காய். தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு. அதில் சர்க்கரைவள்ளி, பூசணி, அவரை, மொச்சை என்று நாட்டுக் காய்களே பொருந்தும்.

வடலூர் தைப்பூசத்தில் தேர் இல்லையே?

இல்லை, வாகனமும் அபிஷேகமும் இல்லை. இராமலிங்க அடிகள் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனத்தை 1872 ஜனவரி 25 தைப்பூசத்தில் காட்டினார். வெளியே வருவதற்குப் பதில் இங்கே ஒளியை மறைக்கும் திரைகள்தான் விலகுகின்றன. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரை. தைப்பூசத்தன்று காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடியல் 5.30 என ஆறு முறை ஏழு திரையும் நீக்குவார்கள். மாதப் பூசங்களில் ஆறு திரை மட்டும். மூன்றாம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனம்.

இரவு 10 மணித் தரிசனத்துக்கும் விடியல் தரிசனத்துக்கும் வெளியூர்க் கூட்டம் சற்றுக் குறையும். பசித்தால் தருமச்சாலைக்குப் போங்கள். 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. புலால் உண்பதை விட்டவர்களுக்கே சபைக்குள் இடம் என்பது வள்ளலார் வைத்த விதி.

சாமி எல்லாத் தெருவுக்கும் வருகிறதா?

வரவேண்டும். எல்லா ஊரிலும் வருவதில்லை. 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது. ஆனால் ஊர்த்தெருவோடு திரும்பிவிடும் தேர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கின்றன. சாலை குறுகல், கம்பி தாழ்வு என்று காரணம் சொல்வார்கள். சப்பரத்துக்கும் தோளில் தூக்கும் பல்லக்குக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. படியேற முடியாதவரைத் தேடிப் போவதற்கு வார்த்த உற்சவர் பாதி ஊரைப் பார்க்காமல் திரும்பினால், அந்த ஊரில் திருவிழா பாதிதான் நடந்திருக்கிறது.

கடற்கரையில் நீர்மோர், அன்னதானம் கொடுக்க எவ்வளவு வேண்டும்?

100 பேருக்கு 200 மில்லி வீதம் 20 லிட்டர் நீர்மோர்: தயிர் 5 லிட்டர், காய்ச்சி ஆறிய தண்ணீர் 15 லிட்டர், உப்பு 100 கிராம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கொத்தமல்லியைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் கறுத்துவிடும். புளியோதரை என்றால் 100 தொன்னைக்கு 7 முதல் 8 கிலோ அரிசி, கிலோவுக்கு 100 கிராம் புளி. சாதத்தை அகலமாகக் கொட்டி ஆறவைத்தபின் புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து அண்டாவை மூடினால் ஆவி அடங்கி மதியத்துக்குள் ஊசிவிடும். தொன்னைகளைப் போட ஒரு சாக்கும் கையோடு எடுத்துப் போங்கள்.

தீர்த்தவாரி முடிந்த மறுநாள் கோயிலுக்குப் போனால் வெறிச்சென்று இருக்கிறதே?

கொடி இறங்கியதும் விடையாற்றி தொடங்கும். பத்து நாள் தெருத்தெருவாக அலைந்த சாமிக்குக் களைப்பாற்றும் நாட்கள். வாகனம் கிடையாது, சத்தம் கிடையாது. மாலையில் ஊஞ்சல், நாதசுவரம், சில கோயிலில் பாட்டுக் கச்சேரி. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப்போக இந்த மூன்று நான்கு நாள்தான் சரி. உற்சவரைக் கிட்டத்தில், நகையெல்லாம் கழற்றிய எளிய அலங்காரத்தில், யாரும் தள்ளாமல் நின்று பார்க்கலாம்.